ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் தாயும் மகனுமாக இருவர் நம்மைக் காண வந்தனர். மகன் வணிகவியல் பட்டம் பெற்று இரண்டாண்டுகள் ஆகின்றன. தாய் தையல் வேலை செய்து அவனைப் படிக்க வைத்தவர். அமரச் சொன்னோம், அமர்ந்த பின்பும் இருவரும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. இறுதியில் அத்தாய் தம் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வேறொரு மாநிலத்துக் காவல் நிலையத்திலிருந்து வந்த அழைப்பாணை அது. அம்மகனின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் வழியாக மோசடிப் பணம் கைமாறியிருப்பதாகவும், அவன் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

நடந்தது இதுதான். வீட்டிலிருந்தபடியே கணினியில் பதிவு செய்யும் வேலை, மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் ஊதியம் என்றொரு விளம்பரம் அவன் கைப்பேசிக்கு வந்தது. விண்ணப்பத்தோடு ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிப் பாஸ் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றைக் கேட்டனர், அனுப்பினான். "நீர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர், சம்பளத்திற்கெனத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கும்" என்றனர், தொடங்கினான். "அக்கணக்கின் ஏ.டி.எம். அட்டையையும், அதனோடு இணைந்த சிம் அட்டையையும் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், கூரியரில் அனுப்பும்" என்றனர், அதையும் அனுப்பினான். வேலையும் வரவில்லை, சம்பளமும் வரவில்லை. ஆறு வாரம் கழித்து இக்கடிதம் வந்தது. அதே வங்கியிலிருந்த அவனுடைய பழைய கணக்கும் முடக்கப்பட்டுவிட்டது. தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில்தான் இருந்தது.

"ஏன் தம்பி, இவையெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா?" என்றோம். அவன் தலை கவிழ்ந்தான். தாயே விடை கூறினார். "வேலை கொடுக்கிறவரிடம் ஏன், எதற்கு என்று எப்படி ஐயா கேட்பது? கேட்டால் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்களே!"

அந்த விடைதான் இம்மாதம் இப்பக்கத்தை எழுத நம்மைத் தூண்டியது. நம் குடும்பங்களில் வேலை தேடும் பிள்ளை இல்லாத வீடு அரிது. அறிவில்லாமையால் அவ்விளைஞன் ஏமாறவில்லை. கணக்குப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவன் அவன். வேலை வேண்டுமே என்ற ஏக்கமும், கேள்வி கேட்டால் வாய்ப்புப் பறிபோகுமே என்ற அச்சமுமே அவனை ஊமையாக்கின. வஞ்சகர் நம்பியிருப்பதும் இவ்வச்சத்தைத்தான்.

முன்னாளில் வேலைக்கு விண்ணப்பித்த முறையைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். வெள்ளைத்தாளில் ஒரு விண்ணப்பம். அதிகாரி ஒருவர் சான்றொப்பமிட்ட சான்றிதழ் நகல்கள். தன்முகவரியிட்ட ஓர் அஞ்சலுறை. அவ்வுறை எவர் கையில் சிக்கினாலும் அவருக்குக் கிடைப்பது நம் மதிப்பெண்கள் மட்டுமே. இன்று நாம் அனுப்பும் தாள்கள் அத்தகையவை அல்ல. ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. தனித்தனியே இருக்கையில் அவற்றால் பெருந்தீங்கு விளைவதில்லை. நம் ஒளிப்படத்தோடும் கையொப்பத்தோடும் ஒரே கட்டாக அந்நியர் ஒருவரிடம் சேரும்போது, நம் பெயரில் வாழ அவருக்கு வழி பிறந்துவிடுகிறது.

இது வெறும் அச்சுறுத்தலன்று. தாம் வாங்காத கடனுக்குத் தவணை கேட்டுத் தொலைபேசி வரக் கண்டு திகைத்தவர்கள் பலர். அன்றாடக் கூலிக்கு உழைக்கும் எளியவர்களின் பெயரில், அவர்கள் அறியாமலேயே ஜி.எஸ்.டி. பதிவு பெறப்பட்டு, கோடிக்கணக்கில் வரி கட்டுமாறு அறிவிப்பு வந்த நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வெளிவந்துள்ளன. வேலை, கடன், உதவித்தொகை என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி அவர்களிடமிருந்து பெறப்பட்ட தாள்களே பின்னர் இவ்வாறு பயன்பட்டன.

அவ்வாறாயின் எதையும் கொடாமலே வேலை பெற முடியுமா? முடியாது. நேர்மையான முதலாளிக்கும் இத்தாள்களில் சில உண்மையாகவே தேவை. எனவே நாம் கற்க வேண்டியது எதை, எப்பொழுது, எவ்வளவு கொடுப்பது என்பதேயாகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் இதற்காகத்தானே!

வேலை தேடும் பயணத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் கொள்வோம்.

முதற்படி, விண்ணப்பம். நம்மைப் பற்றி முதலாளி இன்னும் முடிவு செய்யாத நிலை இது. நம் பெயர், தொடர்பு எண், கல்வி, அனுபவம் ஆகியவை அறிந்தால் அவருக்குப் போதும். முழு முகவரிகூடத் தேவையில்லை. ஊர்ப் பெயர் போதும். வங்கிக் கணக்கு எண்ணுக்கோ பான் எண்ணுக்கோ இங்கே எவ்வித வேலையும் இல்லை. தேர்ந்தெடுக்கப்படாத ஒருவருக்கு எவரும் சம்பளம் போடப் போவதில்லை. தனியார் நிறுவனமொன்றின் விண்ணப்பப் படிவத்திலேயே கணக்கு எண்ணுக்குக் கட்டம் இருந்தால், "தேர்வுக்குப் பின் தரப்படும்" என்று எழுதுவதில் தவறேதுமில்லை. அரசுத் தேர்வுகளின் முறை வேறு. அங்கே ஆதார் முதலிய விவரங்களைத் தொடக்கத்திலேயே கேட்பதுண்டு; கட்டணமும் உண்டு. ஆனால் அவற்றைத் தேர்வாணையத்தின் சொந்த இணையதளத்தில் நாமே நேரில் பதிய வேண்டுமேயன்றி, இடைத்தரகர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்புதல் ஆகாது.

இரண்டாம் படி, நேர்முகத் தேர்வு. நாம் இன்னார்தாம் என்று உறுதி செய்ய ஓர் அடையாள அட்டையைக் கேட்பர். மூலத்தைக் காட்டலாம், கையில் விட்டுவர வேண்டியதில்லை. நகல் கேட்டால், ஓட்டுநர் உரிமம் அல்லது வாக்காளர் அட்டையின் நகலைத் தரலாம். ஆதார்தான் வேண்டும் என்பாராயின், அதற்கும் ஒரு நல்வழி உண்டு. முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, இறுதி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து நாமே இறக்கிக் கொள்ளலாம். ஆணையமே அளிக்கும் படிவம் அது.

பழைய சம்பளம் எவ்வளவு என்பதை உறுதி செய்ய, முன்பு வேலை செய்தவர்களிடம் மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. அவ்விவரத்தில் நம் சம்பளம் மட்டுமா இருக்கிறது? வாங்கிய மருந்து, கட்டிய வட்டி, நகைக்கடன், உறவினருக்கு அனுப்பிய பணம் என்று குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் வரிவரியாக இருக்கிறது. "சம்பளச் சீட்டைத் தருகிறேன், அது போதுமா?" என்று முதலில் கேட்கலாம். போதாதெனில், சம்பளம் வரவான வரிகளை மட்டும் விட்டு, ஏனையவற்றை மறைத்து நகலெடுத்துத் தரலாம். அறிய வேண்டியது சம்பளமாயின், அதனை அறிய அவ்வரிகளே போதும்.

மூன்றாம் படி, பணி நியமன ஆணை கைக்கு வந்த பிறகு. இப்போது கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இங்கே பிகு செய்தல் கூடாது. சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் செய்து கணக்குக் காட்ட முதலாளிக்குப் பான் எண் தேவை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாயின் வருங்கால வைப்பு நிதியில் நம்மைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆதார் எண் தேவை. சம்பளத்தை வரவு வைக்க வங்கியின் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகிய மூன்றும் தேவை. காசோலை கேட்பாராயின், குறுக்கே இரு கோடிட்டு, ரத்து என்று பெரிதாக எழுதி, கையொப்பமிடாமல் தர வேண்டும். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை எந்த வேலைக்கும், எவருக்கும் தருதல் தகாது.

அந்த நியமன ஆணையையும் ஒரு முறை உற்று நோக்குக. நிறுவனத்தின் முகவரி, பதவி, ஊதியம், சேர வேண்டிய நாள், பொறுப்பாளர் கையொப்பம் ஆகியவை அதில் உள்ளனவா? பெரிய நிறுவனத்தின் பெயரிலும் சின்னத்திலும் போலி ஆணை அச்சிடுவது இன்று எளிது. கடிதத்தில் உள்ள எண்ணுக்கே பேசிச் சரிபார்ப்பதில் பயனில்லை. அதை எடுப்பவர் கடிதத்தை எழுதியவராகவே இருப்பார். அந்நிறுவனத்தின் எண்ணை நாமே தனியாகத் தேடிக் கண்டு விசாரிக்க வேண்டும். உள்ளூராயின் நேரில் சென்று பார்த்து வருவதினும் சிறந்த வழி வேறில்லை.

இம்மூன்று படிகளிலும், வேலையில் சேர்ந்து முப்பதாண்டுகள் ஆன பின்னுங்கூட, கொடுக்கவே கூடாதவை சில உண்டு. ஏ.டி.எம். அட்டையும் அதன் இரகசிய எண்ணும், வங்கிச் செயலியின் கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும், நம் பெயரிலுள்ள சிம் அட்டையும் அவை. கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதற்கே இவை பயன்படும். முதலாளியின் வேலையோ கணக்கில் பணத்தைப் போடுவது. "சம்பளம் வருகிறதா என்று சோதிக்க ஒரு ரூபாய் அனுப்புகிறோம், உம் இரகசிய எண்ணை அழுத்தும்" என்று ஒருவர் சொன்னால், அந்நொடியே தொடர்பைத் துண்டித்துவிடலாம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது, செலுத்துவதற்கே தேவைப்படும். நம் கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வதும் இத்தகைய சூழ்ச்சியே.

கணக்கை வாடகைக்கு விடுதல் இன்னும் கொடியது. "உம் கணக்கில் பணம் வரும்; நூற்றுக்கு இரண்டு எடுத்துக் கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பும்; இதுவே வேலை" என்று சொல்லிக் கல்லூரி மாணவரையும் இல்லத்தரசியரையும் வலை வீசிப் பிடிக்கின்றனர். அவ்வாறு வரும் பணம் எங்கோ ஒரு முதியவரிடம் ஏமாற்றிப் பறித்த ஓய்வூதியமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் காவல் துறையின் கண்ணுக்கு முதலில் தெரிவது நம் பிள்ளையின் பெயர். ஏமாற்றியவன் எந்த நாட்டில் இருக்கிறானோ! "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதை மெய்ப்பிக்கும் சுமை நம் தலையில் விழுகிறது.

பணம் கேட்கும் வேலையும் அப்படியே. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு வைப்புத் தொகை எனப் பெயர்கள் பல. உழைப்புக்கு ஊதியம் கொடுப்பவர், உழைக்கத் தொடங்கும் முன்னரே நம்மிடம் கை நீட்டுவாராயின் அது வேலையன்று. அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதற்குக் கட்டணம் ஏதுமில்லை என்பதையும் பலர் அறியாதிருக்கின்றனர்.

இனி, எவரும் எண்ணிப் பாராத ஓர் இடத்தைச் சொல்வோம். அது தெருமுனையில் உள்ள ஜெராக்ஸ் கடை. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று நம் பிள்ளைகள் அங்கே ஓடுகின்றனர். ஆதாரையும் பான் அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் படமெடுத்துக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி அச்செடுக்கின்றனர். வேலை முடிந்ததும் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடுகின்றனர். அப்படங்கள் அக்கணினியிலேயே தங்கிவிடுகின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அக்கணினியின் முன் நாள்தோறும் அமர்பவர் எத்தனை பேர்! "அண்ணாச்சி, அந்தப் படங்களை அழித்துவிடுங்கள்" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வருவதற்கு இரண்டு நிமிடம் போதும். மங்கலாக விழுந்த நகல்களைக் குப்பைக் கூடையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கிழிக்க வேண்டும். மின்னஞ்சலைத் திறந்திருந்தால் மூடிவிட்டே எழ வேண்டும்.

கொடுக்கும் ஒவ்வொரு நகலின் மீதும், "இன்ன நிறுவனத்தில் இன்ன வேலைக்காக மட்டும்" என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அவ்வெழுத்து அட்டையின் படத்தின்மேல் குறுக்காக ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடலாமன்றோ! யாருக்கு, எந்த நாளில், எதைக் கொடுத்தோம் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் நன்று. நாளை ஒரு சிக்கல் எழுந்தால் அக்குறிப்பேடே நமக்குச் சாட்சி.

"இப்படியெல்லாம் பேசினால் வேலை கிடைக்குமா?" என்று அத்தாய் நம்மைக் கேட்டார். நேர்மையான கேள்வி, அதற்கு நேர்மையான விடையே தர வேண்டும். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சிறு நிறுவனங்களில், "எல்லாரும் கொடுக்கிறார்கள், உமக்கு மட்டும் என்ன?" என்பார்கள். அவர்களெல்லாம் வஞ்சகர் அல்லர். வழக்கம் அப்படியாகிவிட்டது, அவ்வளவே. ஆனால் கேட்கும் விதம் ஒன்று உண்டு. "தர மாட்டேன்" என்பது சண்டை. "ஐயா, நியமன ஆணை கிடைத்த அன்றே தந்துவிடுகிறேன், இப்போது இது எதற்குப் பயன்படும் என்று அறியலாமா?" என்பது பணிவு. நல்ல முதலாளி இக்கேள்வியால் சினம் கொள்வதில்லை. தன் தாள்களைப் பேணுபவன் நிறுவனத்தின் தாள்களையும் பேணுவான் என்று அறிவுடைய முதலாளி எண்ணுவார். கேள்வி கேட்ட மறுகணமே, "இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் வேலை இல்லை" என்று விரட்டுபவரிடம் மட்டும் நாம் ஐயம் கொள்ள வேண்டும். அவசரப்படுத்துதல் மோசடிக்காரரின் பழைய ஆயுதம்.

நாட்டின் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒருவர் தம் விவரங்களைப் பயன்படுத்த இசைவு தந்தாலும், சொல்லப்பட்ட நோக்கத்திற்குத் தேவையான அளவுக்கே அவ்விசைவு செல்லும் என்பது அச்சட்டத்தின் நெறி. ஆகவே, "எதற்கு?" என்னும் கேள்வி மரியாதைக் குறைவன்று, குடிமக்களின் உரிமை.

முன்னமே கொடுத்துவிட்டவர்கள் என் செய்வது? வெட்கப்பட்டு மறைப்பதே பெருந்தவறு. பணம் போயிருப்பின் உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேச வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். அடுத்து வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையின்படி, இரகசிய எண்ணை நாமே சொன்னதால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உள்ள இழப்பு நம்மைச் சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். ஆதலின் ஒவ்வொரு மணி நேரமும் விலையுடையது.

பணம் போகாமல் தாள்கள் மட்டும் சென்றிருந்தால், விழிப்போடு காத்திருக்க வேண்டும். நம் பெயரில் கடன் ஏதேனும் வாங்கப்பட்டுள்ளதா என்பதைக் கடன் தகவல் அறிக்கையில் காணலாம். சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016இல் ஆணையிட்டது. நம் பான் எண்ணில் நாம் அறியாத வருமானம் பதிவாகியுள்ளதா என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்திலும், நம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். ஆதாரில் பதிவான கைரேகையை நாமே பூட்டி வைக்கவும், வேண்டும்போது திறக்கவும் ஆதார் ஆணையம் வசதி செய்துள்ளது.

பெற்றோருக்கு ஒரு சொல். வேலையில்லாத பிள்ளையை நாள்தோறும் குத்திக் காட்டும் வீட்டில், அப்பிள்ளை எந்த வலையிலும் கண்ணை மூடிக்கொண்டு விழுவான். ஏமாந்தபின் அதை வீட்டில் சொல்லவும் அஞ்சுவான். நம்மிடம் வந்த இளைஞன் அட்டையைக் கூரியரில் அனுப்பிய அன்றே ஐயம் கொண்டானாம். "அம்மாவிடம் சொன்னால் திட்டுவார் என்று ஆறு வாரம் மறைத்தேன்" என்றான். அன்றே சொல்லியிருந்தால் அட்டையை அன்றே முடக்கியிருக்கலாம். ஒருவேளை எவருடைய பணமும் அக்கணக்கின் வழியாகச் சென்றிராது. தாய் அதைக் கேட்டு அழுதார்.

அவனை அழைத்துக் கொண்டு வங்கிக்கும், மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கும், இலவச சட்ட உதவி மையத்திற்கும் செல்லுமாறு கூறி அனுப்பினோம். கூரியர் ரசீதும், அவர்கள் அனுப்பிய செய்திகளும் அழிக்கப்படாமல் இருந்தது நல்வாய்ப்பாயிற்று. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. தங்கையின் கட்டணத்தை அத்தாய் தம் வளையலை அடகு வைத்தே கட்டினார். சென்ற மாதம் அவன் மீண்டும் நம்மைக் காண வந்தான். இரும்புக் கடை ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. கடை முதலாளி முதல் நாளே பாஸ் புத்தக நகலைக் கேட்டாராம்.

"நீ என்ன சொன்னாய், தம்பி?" என்றோம்.

"ஐயா, வேலைக்குச் சேர்த்ததற்கு ஒரு கடிதம் கொடுத்தால் நாளைக்கே நகல் தருகிறேன் என்றேன். கைகால் நடுங்கியது. அவர் சிரித்துவிட்டு, எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்."